பூட்டிய அறையில் தெள்ளுப்பூச்சி பட்டினி கிடந்து சாகுமா?

ஜூன் 11

ஒன்பது நாளுக்கு முன் படிக்கட்டுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டி ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். பின்னறையில் ஒரு பழைய மெத்தைமேல் வைத்து வளர்த்தோம். இப்போது அந்த அறை முழுக்கத் தெள்ளுப்பூச்சி. குட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டுப் பின்னறையை இரண்டு வாரம் பூட்டிவைத்தால், குடிக்க ரத்தம் கிடைக்காமல் எல்லாம் செத்துப்போகும் என்பது என் கணக்கு. மருந்தும் வேண்டாம், முதுகும் வலிக்காது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஜூன் 11, இரவு

உண்ணியா, பேனா, சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டவருக்கு: பார்த்தேன். உண்ணி ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும். பேன் ஊரும். இது இரண்டும் இல்லை. பக்கவாட்டில் தட்டையாக, செம்பழுப்பாக, ரோமத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. விரலை வைத்தால் அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குட்டியின் வயிற்றிலும் வால் அடியிலும் கறுப்பாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் என் மகள் 'புள்ளி' என்று பெயர் வைத்தாள். இன்று அந்தப் புள்ளிகளைச் சீப்பால் உதிர்த்து நனைத்த வெள்ளைத் தாளில் போட்டேன். ஒரு நிமிடத்தில் ஒவ்வொன்றைச் சுற்றியும் செம்பழுப்பாகக் கசிந்தது. அழுக்கு என்றால் கசியாது. இது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். புள்ளி என்ற பெயருக்கு இருந்த ஒரே காரணம் தெள்ளுப்பூச்சியின் கழிவு. பெயரை மாற்ற மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 13

கால்நடை மருத்துவரிடம் போய்வந்தோம். எடை 580 கிராம், வயது சுமார் ஆறு வாரம். முதலில் அவர் பார்த்தது பூச்சியை அல்ல, ஈறை. உதட்டைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளுத்துப்போய், குட்டியும் துவண்டு கிடந்தால் ரத்தசோகை, உடனே தூக்கிக்கொண்டு ஓடி வரவேண்டும் என்றார். ஒரு பெண் பூச்சி ஒரு நாளில் தன் எடையைப் போலப் பதினைந்து மடங்கு ரத்தம் குடிக்கும். பெரிய பூனைக்கு அது ஒரு பொருட்டில்லை. அரைக்கிலோ குட்டியின்மேல் ஐம்பது, நூறு பூச்சி என்றால் உயிர்ச்சேதமே ஆகிவிடும்.

கழுத்தில் விடும் சொட்டு மருந்து இப்போது கிடையாது. அவர் தருகிற மருந்துக்கு எட்டு வாரமும் ஒரு கிலோவும் ஆகியிருக்க வேண்டுமாம். அதுவரை சீப்பு, சீப்பு, சீப்பு. பல் நெருக்கமான சீப்பு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர். சீவுவது, முக்குவது, மறுபடி சீவுவது. வெறும் தண்ணீரில் போட்டால் மேலே மிதந்து தாவிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கும். நகத்தில் வைத்து நசுக்கலாம் என்று நினைத்தேன். நசுங்கவில்லை. ஓடு அவ்வளவு உறுதி.

முதல் தடவை சீவியதில் 31.

குளிப்பாட்டுவதில் ஒரு சூட்சுமம்: முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட வேண்டும். உடம்பு நனைந்ததும் எல்லாப் பூச்சியும் காய்ந்த இடம் தேடி முகத்துக்குத்தான் ஏறும். நான் வளையம் போட மறந்துவிட்டேன். கண் ஓரத்திலும் காது மடிப்பிலும் அவை கூட்டமாக நின்றதைப் பார்த்தபின் இனி மறக்க மாட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முடிந்ததும் துண்டில் சுற்றி நன்றாகத் துவட்ட வேண்டும். இந்த வயதுக் குட்டி சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

ஜூன் 14

மூன்று பேர் ஒரே யோசனை சொல்லியிருக்கிறீர்கள்: நாய்க்கான சொட்டு மருந்தில் கால்பங்கு. தயவுசெய்து வேண்டாம். நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலை தெரியாது. நடுக்கம், வலிப்பு, சாவு என்று போகும். கால்பங்கு, அரைப்பங்கு என்ற பேச்சே இல்லை. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தே நஞ்சேறிய பூனைகள் உண்டு.

இதை இவ்வளவு கோபமாகச் சொல்லக் காரணம், எங்கள் அலமாரியில் பழைய நாய் மருந்து ஒரு குழாய் இருந்தது. 12ஆம் தேதி இரவு அதன் மூடியைத் திறந்து கையில் வைத்திருந்தவன் நான்தான். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தேடப் போனேன். கண்ணாடி கிடைக்காததால் விடவில்லை. அறிவால் தப்பவில்லை, கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் ஒரே கண்ணாடி வைத்திருப்பதால் தப்பியது.

இன்று பின்னறையைப் பூட்டினேன். கதவிடுக்கில் துணி அடைத்தாயிற்று.

ஜூன் 15

19.

ஜூன் 17

4. கூடத்தில் கடியே இல்லை. வென்றுவிட்டோம் என்று நினைக்கிறேன். இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

ஜூன் 28

மூட வேண்டாம்.

இன்று காலை பின்னறையைத் திறந்தேன். 14 நாள். கதவைத் திறந்ததும் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே நான்கு அடி வைத்தேன், சன்னலைத் திறந்தேன், மெத்தையைத் தூக்கினேன். கால் குறுகுறுத்தது. குனிந்து பார்த்தால் வெள்ளைக் காலுறைமேல் கறுப்பாக ஏதோ தூவியதுபோல இருக்கிறது, தூவியதெல்லாம் நகர்கிறது. வெளியே ஓடி வந்து காலுறையோடு வாளித் தண்ணீரில் நின்றேன். எண்ணியவரை 60. மனைவி கதவருகில் நின்று, "பட்டினி போட்ட லட்சணமா இது?" என்று கேட்டாள்.

பூட்டும்போது இருந்ததைவிட அதிகம். எப்படி?

ஜூன் 29

இரவெல்லாம் படித்ததில் புரிந்தது. என் கணக்கு ஒரு வகையில் சரி: வளர்ந்த பூச்சி ரத்தம் இல்லாமல் அதிக நாள் தாங்காது. ஆனால் அறையில் இருந்தவை பெரும்பாலும் வளர்ந்த பூச்சிகளே அல்ல.

வளர்ந்த பூச்சி குட்டியின் மேலேயே குடியிருக்கும். இறங்கி உலாவிவிட்டு மறுபடி ஏறுகிற பழக்கம் அதற்குக் கிடையாது. முதல் ரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளைக்கு 40, 50 வரை. முட்டை ஒட்டாது, வழவழப்பாக இருக்கும், அரை மில்லிமீட்டர். குட்டி நடக்கிற, படுக்கிற, உதறுகிற இடமெல்லாம் உதிரும். உப்புத்தூள் தூவிக்கொண்டே போகிற மாதிரி. அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து மெத்தைத் தையலுக்குள், தரைவிரிப்பின் அடிக்குள் போய்விடும். அதற்குச் சாப்பாடு என்ன தெரியுமா? குட்டியின் மேலிருந்து உதிர்கிற அதே கறுப்புப் புள்ளிகள். பெற்றவள் மேலே இருந்து முட்டையையும் போடுகிறாள், சோற்றையும் போடுகிறாள். அருவருப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நல்ல ஏற்பாடு.

பிறகுதான் விஷயம். புழு பட்டுபோல நூல் விட்டுக் கூடு கட்டும். நூல் பிசுபிசுப்பு, தூசியும் மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்கே தெரியாது. உள்ளே பூச்சி தயாராகிவிட்டாலும் வெளியே வராது. காத்திருக்கும். தரை அதிர்ந்தால், மேலே அழுத்தம் பட்டால், சூடு தட்டினால், மூச்சுக்காற்று வந்தால், ஏதோ விலங்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் உடைத்துக்கொண்டு வரும். அப்படி வாரக்கணக்கில் இருக்கும், தோதான இடத்தில் ஐந்து மாதம்கூட இருக்கும்.

ஆக, நான் செய்தது பட்டினி போட்டது அல்ல. யாரும் தொந்தரவு செய்யாத அமைதியான அறை ஒன்றை இரண்டு வாரம் கொடுத்து, எல்லாம் கூடு கட்டி முடித்தபின், சாப்பாடாக என்னையே அனுப்பிவைத்தேன்.

வளர்ந்த பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் ஐந்து சதவீதம்தான் என்றும் மிச்சம் முட்டை, புழு, கூடு என்றும் பொதுவாகச் சொல்வார்கள். ஜூன் 17 குறிப்பில் 4 பூச்சியைப் பார்த்துவிட்டு வெற்றி அறிவித்தவனை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ஜூலை 2

இப்போது முறைப்படி.

மெத்தையை எறிந்தாயிற்று. துணி எல்லாம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். துணியை எடுக்கும்போது உதறக் கூடாது, நான்கு முனையையும் சேர்த்து மூட்டையாகச் சுருட்டிக் கொண்டுபோக வேண்டும். உதறினால் முட்டை கூடம் முழுக்க. (உதறினேன். திங்கட்கிழமை.)

வாக்குவம் கிளீனர் தினமும். நடு அறையில் ஓட்டிப் பயனில்லை. சோபா இருக்கையைத் தூக்கினால் வரும் பிளவு, கட்டிலுக்கு அடி, சுவரோரம், கால்மிதியின் அடிப்பக்கம், குட்டி மத்தியானம் தூங்குகிற இடம். புழு இருட்டிலும் ஈரப்பதத்திலும்தான் பிழைக்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காய்ந்து செத்துவிடும். அதனால் பின்னறைச் சன்னல் இப்போது எப்போதும் திறந்தே இருக்கிறது.

வாக்குவம் ஓட்ட ஆரம்பித்த முதல் நாட்களில் பூச்சி கூடுவதுபோல் தெரியும். அந்த அதிர்வில்தான் கூட்டிலிருந்து வருகின்றன. வரட்டும். கூட்டுக்குள் இருக்கும்வரை மருந்தும் தொடாது, பசியும் தொடாது. வெளியே வந்தால்தான் ஒரு கை பார்க்க முடியும்.

பையை ஒவ்வொரு முறையும் கட்டி வெளியே எடுத்துப்போய் எரிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே பெருகி மறுபடி வெளியே வரும்.

ஜூலை 5

மேலே கடைசியில் பையை எரிக்கச் சொன்னது தவறு. திருத்திக்கொள்கிறேன். 2007-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வாக்குவத்துக்குள் போன வளர்ந்த பூச்சிகளில் சராசரியாக 96 சதவீதம் செத்துவிட்டன, புழுவும் கூடும் முழுவதுமே காலி. தூரிகையிலும் காற்றிலும் அடிபட்டே போய்விடுகின்றன என்பது அவர்கள் ஊகம். ஆகவே பையைச் சாதாரணமாகக் கொட்டினால் போதும். மூன்று நாள் பின்கட்டில் புகை போட்டதற்கு மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதவில்லை.

ஜூலை 9

ஏன் எனக்கு மட்டும் கடி, மனைவிக்கு இல்லை என்று யாரோ கேட்டிருந்தீர்கள் (என் வீட்டில் நானும் அதையே கேட்டேன்). அவளையும் கடிக்கின்றன. பூச்சியின் எச்சிலுக்கு என் தோல் தடிக்கிறது, அவளுடையது தடிப்பதில்லை, அவ்வளவுதான். ரத்தம் இனிப்பு என்பதெல்லாம் சும்மா. கடி கணுக்காலைச் சுற்றிக் கொத்துக்கொத்தாக இருந்தால் இதுதான். பூனைத் தெள்ளு சராசரியாக 13 செ.மீ. உயரம் தாவும், தரையில் நிற்கிறவனுக்கு அது கணுக்கால்தான். தரையில் படுத்துப் புத்தகம் படிக்கிற என் மகளுக்கு முழங்கையில்.

நம்மேல் குடியேறாது, குடித்துவிட்டுப் போய்விடும். சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம். அதைவிட முக்கியம், குட்டி கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது. பூனைக்கீறல் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. அந்தக் கிருமி பூச்சியின் எச்சத்திலிருந்து பூனையின் நகத்துக்குப் போகிறது, நகத்திலிருந்து நமக்கு.

ஜூலை 12

1 கிலோ 40 கிராம்! மருத்துவர் எடை பார்த்துச் சொட்டு மருந்து விட்டார். தலைக்குக் கீழே, பிடரியில், ரோமத்தை விலக்கித் தோலில். ரோமத்தின்மேல் விட்டால் வீண். பிடரியில் விடுவதற்குக் காரணம் நாக்கு எட்டாது என்பதுதான். காய்கிறவரை மகள் தொடக் கூடாது. இரண்டு நாளுக்குக் குளியல் கிடையாது.

இதிலும் என் எண்ணம் மாறிவிட்டது. மருந்து போட்டதும் குட்டியை அறை அறையாகத் தள்ளிவைக்கலாம் என்றிருந்தேன். மருத்துவர் வேண்டாம் என்றார். கூட்டிலிருந்து வருகிற பூச்சி எதன்மேலாவது ஏறியே தீரும். மருந்து ஊறிய குட்டிமேல் ஏறினால் முட்டையிடுவதற்குள் செத்துவிடும். நம்மேல் ஏறினால் நமக்குத்தான் கடி. எனவே புள்ளி இப்போது வீடு முழுக்கச் சுற்றலாம், பின்னறை உள்பட. சம்பளம் இல்லாத வேலைக்காரன். பெரும்பாலும் தூங்குகிறான்.

பின்னறையில் மட்டும் பைரிபிராக்சிஃபென் கலந்த மருந்து தெளித்தோம். அது முட்டையையும் புழுவையும் வளரவிடாது. தெளித்துக் காயும்வரை யாரும் உள்ளே போகவில்லை. அறை நடுவில் வைத்துப் புகைவிடும் டப்பாவை வாங்காதீர்கள். புகை கட்டிலுக்கு அடியில் போகாது, புழு இருப்பதே அங்கேதான்.

ஜூலை 20

வால் அடியில் அரிசிமணி போல வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. நெளிந்தது. நாடாப்புழுவின் துண்டு. பூனை தன்னை நக்கும்போது தெள்ளுப்பூச்சியையும் விழுங்கும், அதன் வயிற்றில் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். மாத்திரை கொடுத்தாயிற்று. தெள்ளுப்பூச்சி தொலையாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி வரும்.

பூனைமேல் பூச்சியே காணோம், ஆனால் வீட்டில் கடிக்கிறது என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். நாக்கில் நன்றாகச் சுத்தம் செய்கிற பூனைமேல் பூச்சி தெரியாது. பூனை தின்றுவிட்டது. எச்சத்தைத் தேடுங்கள், பூச்சியைத் தேடாதீர்கள்.

ஜூலை 24

வந்த வைத்தியங்களுக்கு மொத்தமாகப் பதில், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பூண்டு: பூனையின் ரத்த அணுவைச் சிதைக்கும். பூச்சியால் வரும் ரத்தசோகையை நாமே கொடுத்ததாகும். வாசனை எண்ணெய்கள், முக்கியமாகத் தேயிலை மர எண்ணெய்: நஞ்சு, அதுவும் நக்கியே தீருகிற பிராணிக்கு. அந்துருண்டை: அதுவும் நஞ்சு. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி: சோதித்தவர்கள் பயனில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள், நானும் ஒன்று வாங்கி வைத்தேன், அதன்மேலேயே ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது. வெள்ளை மண்பொடி (டயாட்டமேசியஸ் எர்த்): பூச்சியைக் காயவைக்கும் என்பது உண்மை, ஆனால் அந்தத் தூசி குட்டியின் நுரையீரலுக்கும் நம் நுரையீரலுக்கும் ஆகாது. எலுமிச்சை: அது பற்றிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 3

தட்டுப் பொறி. அகலத் தட்டில் சோப்புத் தண்ணீர், அதற்கு மேலே தாழ்வாகச் சிறு விளக்கு, இரவில் மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிட வேண்டும். சூட்டையும் வெளிச்சத்தையும் பார்த்துத் தாவி விழும். குட்டி தட்டைத் தட்டிவிடாதபடி கதவைச் சாத்த வேண்டும். இதனால் கூட்டம் ஒழியாது, ஆனால் எண்ணிக்கை தெரியும். மகள் தினமும் நாட்காட்டியில் எழுதுகிறாள்: 11, 9, 9, 6, 7, 3.

7 வந்த அன்று அவள் அழுதாள். அதற்கு முந்தின நாள் மழை, எல்லாச் சன்னலையும் சாத்தியிருந்தோம்.

ஆகஸ்ட் 19

பிளேக் வருமா என்று பயந்தவருக்கு: அது எலித் தெள்ளின் வேலை, இது வேறு இனம். எலித் தெள்ளு பிளேக்கைப் பரப்புகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் கண்டுபிடித்தபோது அதைப் பெரிதாக யாரும் நம்பவில்லை. எலியையும் தெள்ளையும் கண்ணாடிச் சாடிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு என் பின்னறையே போதும்.

தட்டில் நான்கு நாளாக 0.

செப்டம்பர் 6

0, 0, 0, 5.

இந்த முறை வெற்றி அறிவிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். ஆனாலும் வயிறு கலங்கியது. குட்டிக்கு மாதாமாதம் மருந்து விடுகிறோம், தினமும் பெருக்குகிறோம், எங்கிருந்து ஐந்து? மகள்தான் கண்டுபிடித்தாள். முதல் நாள் புள்ளியைத் தூக்கிவந்த கூடை. பரண்மேல். உள்ளே அன்று விரித்த துண்டு அப்படியே, துவைக்காமல். அதற்கு முந்தின நாள் ஏதோ எடுக்கப் போய்க் கூடையை நகர்த்தியிருக்கிறேன். மூன்று மாதம் இருட்டில் தூங்கியவற்றைத் தட்டி எழுப்பிவிட்டேன்.

துண்டு வெந்நீருக்கு, கூடை வெளியே. வீட்டில் எல்லாத் துணியையும் துவைத்தோம் என்று ஜூலை 2-இல் எழுதியிருக்கிறேன். எல்லாம் இல்லை, ஒன்று குறைய.

அக்டோபர் 12

ஒரு மாதத்துக்கு மேல் தட்டு காலி. வெள்ளைக் காலுறை போட்டுப் பின்னறையில் கால் மணி நேரம் நடந்து பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. சீப்பில் புள்ளியின் ரோமம் மட்டும்.

சொட்டு மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டவருக்கு: நான் நிறுத்தவில்லை. ஐந்து மாதக் கணக்கு இன்னும் முடியவில்லை, பரணை முழுசாக இறக்கிப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் 12 என்று மகளின் நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறது. இன்று எடை 2 கிலோ 300. பிடரியில் விட்டாயிற்று. கட்டிலுக்கு அடியில் போய் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.